ஒரு மடக்கு

"மறுபடியும் குறையுதும்மா," என்றார் எடையளவு ஆய்வாளர்.

கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. நாற்காலிகள் எல்லாம் மேஜைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஒரே ஒரு மேஜையில் அவரும், அவருடைய கோடு போட்ட கண்ணாடி ஜாடியும்.

பீரைக் குழாயில் பிடித்தது நான்தான். நுரை அடங்கும்வரை காத்திருந்து, கிளாஸில் இருக்கும் வெள்ளைக் கோடு வரை நிரப்பிக் கொடுத்தேன். நுரையை விற்றே மாடி வீடு கட்டியவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

ஆனால் அவர் ஜாடியில் ஊற்றினால் ஒரு மடக்கு குறைகிறது. இரண்டு முறை பார்த்தாயிற்று. மூன்றாவதும் குறைந்தால் கடைக்கு சீல். வீட்டுக்காரர் போன பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இந்தக் கடைதான்.

கிளாஸில் கீறல் ஏதும் உண்டா என்று அடியைத் தடவிப் பார்த்தேன். ஈரம்கூட இல்லை.

மூன்றாவது கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டு, முன்போல் கவுண்டருக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தபடி சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், குரலில் வருத்தம் இருந்தது. பேச்சுக்கு நடுவே அவருடைய வலது கை தானாக எழுந்தது. கிளாஸை எடுத்தது. ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. கிளாஸ் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே வந்தது.

விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். பிறகு மிச்சத்தை ஜாடியில் ஊற்றி, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

நடிக்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. குடிப்பவர்கள் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். குடித்தது தனக்கே தெரியாத முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"சார், உங்க மீசையில நுரை."

தொட்டார். விரலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"என் பொண்ணு பொறந்ததிலேருந்து நான் குடிக்கிறதே இல்லம்மா," என்றார்.

நம்பினேன். அதுவரை கடைக்காகப் பயந்துகொண்டிருந்தவள், இப்போது அவருக்காகப் பயந்தேன்.

அவர் அந்த விரலையே வெறித்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கை, ஜாடியைத் தூக்கி அவர் வாயருகே கொண்டுவந்துவிட்டிருந்தது.