கல் சேறு

“மணி ஆறரை. இன்னும் ஒரு கன்னமே முடியலையா?”

மகன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்றான். அவன் போய்த்தான் சலூனைத் திறக்க வேண்டும்.

அப்பா நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார். கை நடுக்கம் வந்து சலூனை மகனிடம் விட்டதிலிருந்து அம்மாதான் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறாள்.

“சும்மா இரு. தையல் ஆலையில ஒரு சூப்பர்வைசர் இருக்கான், அது போதும் எனக்கு,” என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம், “புதுசா வந்த பொண்ணு ஒரே சட்டைக்கு ரெண்டு வலது கை வச்சுத் தச்சுட்டா. அவன் அதைத் தூக்கிட்டு நேரா...”

கத்தி முடியைப் பிடித்து இழுத்தது. அப்பாவின் கண்ணில் நீர் கோத்தது.

“வலிக்குதா?”

“இல்ல. நேரா எங்க போனான்?”

மகன் கத்தியை வாங்கிக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தான்.

“இதுல வெண்ணெய்கூட அறுபடாது. கடைக் கத்தியெல்லாம் நீங்கதான் தீட்டித் தர்றீங்க, பட்டாலே முடி துண்டாகுது. தினமும் தீட்டுற உங்க கத்திக்கு மட்டும் என்ன கேடு?”

“பழைய இரும்பு. என்னை மாதிரி.”

“அம்மா நேத்தும் பஸ்ஸை விட்டுட்டுத் திட்டு வாங்கினா. சாயங்காலம் நானே தீட்டுறேன்.”

“விடுடா. நான் பார்த்துக்கறேன்.”

“கை நடுங்குதேப்பா.”

“கல்லுல வச்சா நடுங்காது.”

உண்மைதான். அந்தரத்தில்தான் நடுங்கும்.

மகன் கேட்கவில்லை. சாயங்காலம் தீட்டுக்கல்லை நனைத்து, அதன்மேல் சின்னக் கல்லைத் தேய்த்தான். சாம்பல் நிறத்தில் சேறு கிளம்பியது. அதில் கத்தியைப் படுக்கவைத்து இழுத்தான்.

“சேறு வேகமா தேய்க்கும். ஆனா அதோட நிறுத்தினா கூர் மழுங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு, கடைசியில வெறும் தண்ணியில முடிக்கணும். தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தீங்க, மறந்துபோச்சா?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கத்தி சத்தமே இல்லாமல் போனது.

“அந்தச் சட்டையைத் தூக்கிட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போயிருக்கான். அங்க பார்த்தா...” என்று அம்மா ஆரம்பித்தபோது மோவாய் முடிந்திருந்தது. வழிக்க ஒன்றும் மிச்சமில்லாத கன்னத்தில் அவள் கை சற்று நேரம் நின்றது. பிறகு துண்டால் துடைத்தாள்.

“அங்க பார்த்தா?”

“ராத்திரி சொல்றேன். பஸ் வர்றதுக்குள்ள ரெண்டு துணி அலசிடலாம்.”

“பார்த்தீங்களா,” என்றான் மகன், செருப்பை மாட்டிக்கொண்டே. “எவ்வளவு நேரம் மிச்சம்.”

இரவு அம்மா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அப்பா அவள் கையைக் கழுவிவிட்டார். தண்ணீர் பாதி தரையில் சிந்தியது.

அடுத்த நாள் மகன் கிளம்பிப்போன பிறகு அப்பா முகத்தை நனைத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தீட்டுக்கல். சின்னக் கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் சாம்பல். தண்ணீர்க் கிண்ணத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்திருந்தாள்.

அவர் நின்றுவிட்டார்.

அவள் கத்தியை எடுத்துச் சேற்றில் படுக்கவைத்தாள். நிமிராமலே கேட்டாள்:

“தினமும் இந்தக் கெட்டியிலதானே நிறுத்துவீங்க, இல்ல இன்னும் கொஞ்சம் சேறு வேணுமா?”