சீர் வண்டி

மூன்றாவது தடவையாக எலுமிச்சம்பழம் பைக் டயருக்கடியில் நசுங்கியது. மயிலாத்தாள் திருஷ்டி கழித்த கையோடு மருமகளை முறைத்தாள்.

"உங்கப்பன் சீராக் கொண்டாந்து நிறுத்துன வண்டி, போற எடத்துலயெல்லாம் நின்னு போகுது. ராசி வண்டியில இல்லெ அம்மணி, கூட வந்த ஆளுகிட்ட!"

பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் கேட்ட வண்டி, இவர்கள் கேட்ட கலர். ஓடினால் மாப்பிள்ளை யோகம், நின்றால் மருமகள் ராசியா?

"உடும்மா. மாமா ஒரு கார் வாங்கிக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றான் அவள் கணவன் சபரீஷ். அதற்குள் அவன் போன் அடித்தது. "தெரியுமுங்க... வாரனுங்க, வாரனுங்க" என்று அவசரமாகச் சொல்லி வைத்தான்.

அந்தக் காருக்காக அப்பா பொள்ளாச்சித் தோப்பை விலை பேசிவிட்டார். இன்று சாயங்காலம் அட்வான்ஸ் வாங்கப்போகிறார். அவருக்கென்று இருப்பதே அந்தத் தோப்புதான்.

"நீ ஆபீசுக்கு பைக்குல போயிரு. நான் மில் பஸ்ல போய்க்கறேன்" என்றான் சபரீஷ். ஒரு மாதமாக இதே தாராளம். காலேஜ் நாளிலேயே அப்பாவின் பைக்கை ஓட்டிப் பழகியவள் அவள். இவராவது நம்மை நினைக்கிறாரே என்று வண்டியைக் கிளப்பினாள்.

கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும் வண்டி பொசுக்கென்று அணைந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"ஏனம்மணி, சாகறதுக்கு என்ற பஸ்தான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

வண்டியை ஓரங்கட்டினாள். ராசியாவது, மண்ணாங்கட்டியாவது! இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, வண்டியை வாங்கின ஷோரூமுக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

சர்வீஸ் பார்க்கும் அபிலாஷ் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டதுமே பதறிவிட்டான்.

"ஏனுங்க்கா, இதை இன்னுமா ஓட்டறீங்க? இஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பற பம்புல கோளாறுங்க, ஓடறப்பவே ஆஃப் ஆயிரும். கம்பெனியே ரீகால் போட்டு, இந்த வண்டியெல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டு மாத்திக் குடுக்குது. வாரண்டி முடிஞ்சிருந்தாலும் காசு வேண்டாமுங்க."

"எங்ககிட்ட ஆரும் சொல்லவே இல்லீங்களே!"

"உங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கறனுங்க. காலைல கூடக் கூப்பிட்டேன். 'இப்பச் சரி பண்ணிப்போட்டா மாமனாரு கார் வாங்கித் தரமாட்டாருங்க'ன்னு போன வாரம் சிரிச்சாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சுட்டனுங்க."

பிரவீனா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மில் பஸ் தாராளம் இப்போதுதான் புரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டு, "தோப்பைக் குடுத்துராதீங்கப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

வைத்த உடனே மாமியாரின் அழைப்பு. "கார் விசயம் உங்கப்பங்கிட்டக் கேட்டியா, இல்லியா?"

"கார் வேண்டாமுங்கத்தை. கோளாறுன்னு தெரிஞ்சதும் வண்டியச் செஞ்சவங்களே திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க."

"அதுக்கு?"

"உங்க பையன நீங்க திருப்பி எடுத்துக்குங்க."