ஆட்டுக் கொட்டிலில் வைஃபை

“ஆட்டுக்கு வைஃபை போட்ட வீட்டை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா தம்பி?”

சௌந்தரபாண்டியன் பின்பக்கத்து அறையின் சன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினார். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சபுரா பீவியின் ஆட்டுக் கொட்டில். கூரைக் கம்பில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்த பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கியது.

“பாத்திருக்கேண்ணே. அத மாட்டுனதே நாந்தான்” என்றான் அனீஸ். அருப்புக்கோட்டையில் பிராட்பேண்ட் கடை வைத்திருப்பவன். பாளையம்பட்டிக்கு வயர் இழுத்து வந்திருந்தான்.

“அப்ப நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“மொதல்ல ஹால்லதான் மாட்டுனேன். பெறகு கொட்டிலுக்கு மாத்தச் சொன்னாக. வீட்டுக்குள்ள எட்டாதுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். ‘எட்ட வேண்டிய எடத்துக்கு எட்டுனாப் போதும்’னுட்டாக.”

“ஆட்டுக்கு எட்டுனாப் போதும்போல! புருசன் சவுதியில, தம்மாம்ல இருக்காருல்ல, செய்யத்தான் செய்வாக.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகள் தீபலட்சுமி சிரிக்கவில்லை.

முருங்கைக் கன்றை ஆடு கடித்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். தினமும் சாயங்காலம் சபுரா அந்தக் கொட்டிலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புருசனோடு வீடியோவில் பேசுவாள். ஆடு ஒரு பக்கம் கத்தும், அவள் ஒரு பக்கம் கத்துவாள். தன்னைச் சீண்டத்தான் சுவரோரம் வந்து உட்காருகிறாள் என்பது சௌந்தரபாண்டியனின் கணக்கு.

அனீஸ் புது ரூட்டரைப் பிரித்தான். “இதுல ரெண்டு விதமா அலை வரும்ணே. ஒண்ணு வேகம் கம்மி, சுவரைத் தாண்டிப் போகும். இன்னொண்ணு நல்ல வேகம், சுவத்துல முட்டி நின்னுரும்.”

“முட்டி நிக்கிறத மட்டும் போடுங்க. பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டுப் போகக்கூடாது.”

“தண்ணிக் குழாயாண்ணே, வால்வ அடைக்க? பாஸ்வேர்டு போட்டுருவோம், போதும்.”

பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடலாமா என்று கேட்டார். இரும்புக்குள் வைத்தால் அலை வெளியே வராது என்று சொல்லி, அனீஸ் நடு அறைச் சுவரில் உயரமாக ஆணி அடித்தான்.

ஐந்து மணிக்கு தீபா வேலைக்குச் சேர இருந்த கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. லைன் அறுபடாமல் நின்றால்தான் திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வார்கள். சௌந்தரபாண்டியன் மூச்சை அடக்கிக் கதவோரம் நின்றார். இருபது நிமிடம். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

“சேந்துக்கிரச் சொல்லிட்டாங்கப்பா!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அனீஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கணும் தம்பி நீங்க. ஒண்ணரை வருசமா ஆன்லைன்ல படிச்சா. வெறும் மொபைல் நெட்டு. ஒருத்தர் தயவுக்கும் போய் நிக்கல எம்மக.”

அனீஸ் தீபாவைப் பார்த்தான். அவள் லேப்டாப்பை மூடினாள்.

தேநீரை அனீஸ் கையில் கொடுத்துவிட்டுச் சௌந்தரபாண்டியன் கொல்லைப்பக்கம் நடந்தார். திங்கட்கிழமையிலிருந்து மகள் ஆபீஸ் போன் பேச வேண்டும். ஆட்டுச் சத்தத்தோடு சபுராவின் சத்தமும் ஆகாது. உள்ளே போய்ப் பேசு என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சபுரா பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, தீபாவுக்குச் சொந்தமாப் பொட்டி வந்திருச்சு. இனி நம்ம பொட்டி கொட்டில்ல தொங்க வேணாம். அந்தப் புள்ள ரூமுக்கு எட்டணும்னுதானே இங்கன கட்டுனோம். நாளைக்கு ஹாலுக்கே மாத்திருறேன்.”

“அண்ணனுக்கு விசயம் தெரியுமா?” என்று போனில் அவள் புருசன் ஜமால் மைதீனின் குரல் கேட்டது.

“தெரிஞ்சா படிக்க விட்டிருப்பாகளா? அவுக ரோசக்காரக.”

சௌந்தரபாண்டியன் திரும்பினார். பின்னால் தீபா நின்றிருந்தாள்.

“மொபைல் நெட்டுன்னு சொன்னியேம்மா?”

“நம்ம வீட்டுக்குள்ள என்னைக்குப்பா டவர் எடுத்துச்சு? நீங்களே பேசணும்னா தெருவுக்குத்தான போவீக?”

தினமும் தெருவில் நின்று பேசுகிறவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் இருந்ததா, தோன்ற விடாமல் இருந்தோமா? சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி...”

இரண்டு வருடம் கழித்து வந்த அந்தச் சத்தத்தில் சபுரா பதறி எழுந்தாள். “என்னண்ணே, ஆடு எதுவும் அந்தப் பக்கம் வந்திருச்சா?”

“இல்லம்மா. நாளைக்கு வரைக்கும் என்னத்துக்கு? அனீஸ் தம்பி இங்கனதான் இருக்காப்ல. இப்பவே மாத்திருவோம். ஏணிய நான் கொண்டு வாரேன்.”

பாலிதீன் பையை அவிழ்த்ததும் சௌந்தரபாண்டியன்தான். பெட்டியில் ஒட்டியிருந்த புழுக்கைத் தூசியைத் தன் துண்டாலேயே துடைத்தார். அனீஸ் அதை ஹாலில் பழைய இடத்திலேயே மாட்டினான். பச்சை விளக்கு வந்ததும் சபுரா அங்கேயே உட்கார்ந்து புருசனுக்கு வீடியோ போட்டாள்.

திரையில் ஜமால் மைதீன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“சபுரா, போனச் சுத்திக் காட்டு. ஒண்ணரை வருசமா ஒம் மொகத்துக்குப் பின்னால ஆட்டத்தான் பாத்தேன். நான் கட்டுன வீட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன்.”