பண்ணை கேட் சாவி

பூட்டிய கேட்டுக்கு உள்ளே வேன் நின்றது. சாவியைக் காணோம். மூன்று மணிக்குள் வெளியேறச் சொல்லியிருந்தார் பண்ணைக்காரர். ஓக் மர வகைகளைக் காட்ட எட்டுப் பேரை அழைத்து வந்திருந்த வழிகாட்டி ராய்ஸ் சட்டைப் பைகளைத் துழாவினான். டெக்சஸின் இந்தப் பாலைமலையில் போனும் எடுக்காது.

முன் சீட்டில் உட்காருபவர்தான் இறங்கி கேட்டைப் பூட்ட வேண்டும். காலையில் பூட்டியது, வந்தவர்களில் ஒருத்தியான லவீனியா.

“சாவிய உங்க கையிலதானே குடுத்தேன், தம்பி! ஏதாவது ஓக் மரத்தடியில விட்டிருப்பீங்க.”

எட்டுப் பேரும் இலை பார்க்கும் பூதக்கண்ணாடியோடு தேடக் கிளம்பினார்கள். நேரமில்லை என்று ராய்ஸ் காலையில் காட்டாமல் விட்ட உச்சி மரம் வரைக்கும் ஏறினார்கள்.

“அங்க நாம போகவே இல்லையேம்மா!”

“தேடுறதுன்னா முழுசாத் தேடணும்.”

உச்சி மரத்தின் இலையைப் புரட்டிப் பார்த்து, பார்க்க வேண்டிய ஓக் வகைகளின் பட்டியலில் கடைசிப் பெயரை அடித்தாள் லவீனியா. தன் ஓக் விதைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“கிளம்பலாமா தம்பி? உங்களுக்குத்தான் நேரமாச்சே!”