வழக்குகள் தேவை

“பிழை உங்கடையில்லை. உங்களுக்குத் தண்டம் எழுதின ஆளுக்குத்தான் மூளை இல்லை!”

நீதிமன்றக் கிளார்க் கொன்செத்தா மேசையில் அடித்துச் சொன்னாள். கோபாலசிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பலெர்மோவுக்குப் பக்கத்துச் சிற்றூர் அது. அங்கே சிஞ்ஞோரா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வயதான சீமாட்டிக்குக் கார் ஓட்டுவது அவர் வேலை. சந்தையடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் யாரோ தண்டச் சீட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். தண்டம் கட்ட வேண்டி வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டாள். வேலை போனால் இத்தாலியில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவும் ஆட்டம் காணும்.

“இஞ்சாருங்கோ,” மனைவி சந்திரமதி தமிழில் முணுமுணுத்தாள். “தண்டம் அடிச்சது நகரசபை. இந்தக் கோர்ட்டுக்குக் கரண்டுக் காசு கட்டுறதும் நகரசபை. இவவுக்குச் சம்பளம் குடுக்கிறதும் அதே நகரசபை. நாங்கள் வழக்கு வெண்ட மாதிரித்தான்!”

அவள் சொன்னதும் சரிதான். வேண்டுமென்றால் உங்கள் செலவில் நடத்துங்கள் என்று அரசாங்கம் கைகழுவிவிட, ஊர் மானம் போய்விடுமே என்று நகரசபை தலையில் ஏற்றிக்கொண்ட நீதிமன்றம் அது. மானம் பெரிது, கதிரைகள்தான் சிறிது. மூடிய பாலர் பாடசாலையிலிருந்து வந்தவை. வழக்காளிகள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி வாரத்தில் ஒருநாள் வருவார். பெயர் கூப்பிடுவது, கதவு பூட்டுவது, பல்ப் மாற்றுவது எல்லாம் கொன்செத்தாதான்.

“காரின்ரை நிறத்தைப் பிழையாய் எழுதியிருக்கு. அதைச் சொன்னால் காணும்,” என்றாள் அவள், கோபாலசிங்கம் சீட்டை விரித்து முடிப்பதற்குள்.

அவர் பார்த்தார். வெள்ளைக் காரைச் சிவப்பு என்று எழுதியிருந்தது.

“பாத்தியே சந்திரா! எவ்வளவு கெட்டிக்காரி!”

சந்திரமதிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலியனில் நேரடியாகவே கேட்டாள். “எங்களுக்காக ஏன் இவ்வளவு மினக்கெடுறியள்?”

கொன்செத்தா பெருமூச்சு விட்டாள். “வழக்கு குறைஞ்சு போச்சு. வழக்கில்லாட்டில் மேயர் இந்த இடத்தை மூடிப்போடுவார். பிறகு நான் முழுநாளும் வெய்யிலுக்கை நிண்டு மற்ற வேலையைச் செய்யவேணும். முதுகு தாங்காது.”

பாவம் என்று சந்திரமதியின் மனம் இளகிவிட்டது. வழக்கு நாளன்று கொன்செத்தாவுக்கென்று ஒரு பை மட்டன் றோல் பொரித்துக்கொண்டு வந்தாள். கோபாலசிங்கமோ அதற்கு முந்தின ஞாயிறே வெறுங்காலோடு மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையாருக்கும் தேங்காய் நேர்ந்திருந்தார். எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளக் கூடாதே!

நீதிபதி காரின் படத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

“வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை ஆர் வேலைக்கு வைச்சது?” என்று சீறிவிட்டுத் தண்டத்தை ரத்துச் செய்தார். பக்கத்தில் நின்ற கொன்செத்தா பலமாகத் தலையாட்டினாள்.

மத்தியானம் நீதிமன்றம் பூட்டும் நேரம். கொன்செத்தா இருவரையும் கட்டியணைத்து முத்தமிட்டு, றோல் பையோடு பின்கதவால் ஓடினாள். கோபாலசிங்கம் வாசலில் நின்று சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தார். வேலை தப்பியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த ஊரிலை நீதி இன்னும் சாகேல்லையப்பா,” என்றார்.

இருவரும் கார் நின்ற இடத்துக்கு வந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட நகரசபைப் பொலிஸ்காரி ஒருத்தி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காரின் கண்ணாடியில் ஒரு சீட்டைச் செருகிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் பாதி கடித்த மட்டன் றோல்.

“பயப்பிடாதேங்கோ,” என்று திரும்பிச் சிரித்தாள் கொன்செத்தா. “இந்தமுறை நீலம் எண்டு எழுதியிருக்கிறன்.”