ஜட்ஜ் கேட்ட கேள்வி

கோர்ட் வராந்தா பெஞ்சில் தச்சரும் மனைவியும் ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜட்ஜ் இங்கிலீஷ்ல என்னங்க கேட்டாரு?”

“யாருக்குத் தெரியும்? வக்கீல் ஜாடை காட்டினாரு, தலையாட்டினேன்.”

“நீங்க ஆட்டினதைப் பார்த்து நானும் ஆட்டிட்டேன்!”

இருவரும் சிரித்தார்கள்.

“சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு. நல்லதாத்தான் இருக்கும். வா, வீட்டுக்குப் போகலாம்.”

“முதல்ல நம்ம வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிபண்ணுங்க. ஊருக்கெல்லாம் கதவு செய்யிறீங்க.”

கோர்ட் குமாஸ்தா வெளியே வந்தார். தச்சர் எழுந்து அவரிடமே கேட்டார்.

“பிரியறதுக்கு ரெண்டு பேருக்கும் சம்மதமான்னு கேட்டாரு. தலையாட்டினீங்க. விவாகரத்து குடுத்துட்டாரு.”

“ஐயோ, காலையில இதே பெஞ்சுல சமாதானமாயிட்டோம் சார்! வக்கீலுக்குக்கூடத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உள்ளேயே போனோம். ஜட்ஜுக்கு நம்ம பேச்சு தெரியாதா?”

“வீட்ல அதைத்தான் பேசுவாரு. அந்த நாற்காலியில உக்காந்தா வெள்ளைக்காரன் பேச்சுதான். அவன் போயும் அது போகலையே.”

குமாஸ்தா உள்ளே போய்விட்டார்.

தச்சரிடம் அவள் பாட்டிலை நீட்டினாள். வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.