ஆள்காட்டியின் காவல்

ஒரு தரிசு நிலத்தில் கௌதாரியும் ஆள்காட்டிக் குருவியும் பக்கத்துப் பக்கத்தில் தரையிலேயே முட்டையிட்டு அடைகாத்தன. அந்த வாரம் மட்டும் அக்கம்பக்கத்தில் மூன்று கூடுகளில் முட்டை களவு போயிருந்தது. எடுத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கௌதாரிக்கு இரை தேடப் போகவே பயமாக இருந்தது.

"புதுசா யார் வந்தாலும் நான் கத்துறேன். உடனே எல்லாரும் ஓடி வந்துடுங்க" என்றது ஆள்காட்டி. தரிசில் இருந்த பறவைகள் எல்லாம் சரியென்றன.

மறுநாள் காலை ஓர் ஆமை அந்த வழியாக வந்தது. ஆள்காட்டி கத்திய கத்தலில் பறவைகள் அடித்துப்பிடித்து ஓடிவந்து ஆமையைச் சூழ்ந்துகொண்டன.

"இங்க உனக்கு என்ன வேலை?" என்று ஆள்காட்டி அதன் ஓட்டைக் கொத்தியது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "குளத்துக்குப் போறேம்மா" என்றது. "நீங்க எல்லாரும் இங்க வந்துட்டீங்களே, அங்க முட்டைக்கு யார் காவல்?"

பறவைகள் ஒன்றையொன்று பார்த்தன. அடுத்த நொடி எல்லாம் திரும்பி ஓடின.

கௌதாரி மூச்சிரைக்க வந்து கூட்டை எட்டிப் பார்த்தது. ஆறு முட்டையும் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்தபோது, எதிர்ப் புதருக்குள் ஒரு கீரியின் வால் நுழைந்து மறைவதைக் கண்டது.

ஆள்காட்டியின் கூட்டில் உடைந்த ஓடுகள் மட்டுமே கிடந்தன. அதன் அலகு திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று கௌதாரிக்கு மனசு அடித்துக்கொண்டது. புதரைப் பார்த்தது. சிறகுகளை இன்னும் அகலமாக விரித்து, இருந்த இடத்திலேயே முட்டைகளை மூடிக்கொண்டது.